ரோபோ புல்வெட்டியின் சக்கரத்தடம்: தடம் விழுந்த இடத்தை வைத்துக் காரணம் கண்டு சரிசெய்யும் வழிமுறை

ரோபோ புல்வெட்டியின் எடை பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு கிலோதான். எழுபது கிலோ ஆள் குதிகாலை ஊன்றி நடந்தால் மண்ணில் விழும் அழுத்தம் அதைவிட அதிகம். ஆனால் எந்த மனிதரும் ஒரே கோட்டில், அடி பிசகாமல், நாளுக்கு ஐந்தாறு முறை மாதக்கணக்கில் நடப்பதில்லை. புல்வெட்டி நடக்கிறது. தடம் விழுவதற்கு எடையைவிட மூன்று விஷயங்களே காரணம்: ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப ஓடுவது, மண் ஈரமாக இருக்கும்போது ஓடுவது, நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருகுவது. உங்கள் புல்தரையில் இவற்றில் எது நடக்கிறது என்பதைத் தடம் விழுந்த இடமும் அதன் வடிவமுமே காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்க்காமல் புதுச் சக்கரம் வாங்குவதும், செயலியில் இருக்கிற செட்டிங்கையெல்லாம் ஒரே நாளில் மாற்றுவதும் வீண். எதனால் சரியானது என்றே தெரியாமல் போய்விடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒரு வாரம் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதே சரி.

முதலில், அது தடம்தானா?

காலைப் பனி ஈரத்தில் பார்த்தால் புல்தரை முழுக்கக் கோடு கோடாகத் தெரியும். புல் சாய்ந்திருப்பதால் வெளிச்சம் வேறு விதமாகப் படுகிறது, அவ்வளவுதான். மாலைக்குள் நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். மறுநாளும் அப்படியே கிடந்தால் குனிந்து பாருங்கள். இலை மட்டும் நசுங்கிப் பழுத்திருந்தால் புல் தானாக மீண்டுவிடும். அடித்தண்டும் குருத்தும் தேய்ந்து மண் தெரிந்தால் காரணத்தைக் களையாமல் புல் திரும்பாது.

நேரான பலகை ஒன்றைத் தடத்துக்குக் குறுக்கே வைத்து, பலகைக்கும் தடத்தின் அடிக்கும் உள்ள இடைவெளியை அளக்கவும். 1 செ.மீ.க்குள் இருந்தால் செட்டிங் மாற்றமே போதும். 1 முதல் 3 செ.மீ. வரை என்றால் மண் தூவி நிரப்ப வேண்டியிருக்கும். அதற்கு மேல் போனால் புல்லை வேரும் மண்ணும் சேர்ந்த தோலாகப் பெயர்த்துத்தான் சரிசெய்ய முடியும். இந்த முறைகள் கடைசிப் பகுதியில் இருக்கின்றன.

அடுத்து, நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றைத் தடத்தில் ஒரு முறையும், அரை மீட்டர் தள்ளி ஒரு முறையும் கையால் குத்திப் பாருங்கள். தள்ளிக் குத்திய இடத்தில் சுலபமாக இறங்கி, தடத்தில் பாதியிலேயே நின்றுவிட்டால் மண் இறுகியிருக்கிறது. இரண்டிலும் ஒரே மாதிரி இறங்கினால் மேல்புல் மட்டுமே தேய்ந்திருக்கிறது.

இரண்டு கோடுகளுக்கு நடுவே உள்ள தூரத்தையும் அளக்கவும். பிரதான சுவிட்சை அணைத்து, கையுறை போட்டு, புல்வெட்டியைக் கவிழ்த்து, பின்சக்கரங்களின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் அது தள்ளுவண்டியின் தடமாகவோ நாய் ஓடும் பாதையாகவோ இருக்கலாம். வட்ட வட்டமாகச் சுரண்டிய அடையாளம் என்றால் அது சக்கரமே அல்ல. மேடான இடத்தில் கத்தித் தட்டின் அடிப்பகுதி மண்ணைத் தேய்க்கிறது. வெட்டும் உயரத்தை ஏற்றி, மேட்டைச் சமன் செய்தால் போதும்.

சார்ஜ் நிலையத்தை நோக்கி நீளும் இரட்டைக் கோடு

அதிகம் பேர் பார்ப்பது இதைத்தான். கம்பி வைத்து ஓடும் மாடல்களில், புல்வெட்டி சார்ஜ் ஏற்றத் திரும்பும்போது, நிலையத்துக்கு வழிகாட்டப் பதித்த வழிகாட்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வரும். கோட்டின் நடுவே மண்ணைக் கீறிப் பாருங்கள். கம்பி தட்டுப்பட்டால் காரணம் உறுதி.

கணக்குப் போட்டால் காரணம் பளிச்சென்று விளங்கும். ஒரு மணி நேரம் ஓடி, ஒரு மணி நேரம் சார்ஜ் ஏற்றும் இயந்திரம் நாளுக்குப் பத்து மணி நேரம் வேலையில் இருந்தால் ஐந்து முறை வீடு திரும்புகிறது. மாதத்துக்கு 150 முறை. தொலைவில் உள்ள பகுதிக்குப் புறப்படும்போதும் அதே கம்பியைப் பிடித்துப் போனால் அதுவும் சேர்ந்துகொள்ளும். அத்தனை பயணமும் சக்கரம் அகலமுள்ள இரண்டே கோடுகளில்.

செயலியிலோ இயந்திரத்தின் மெனுவிலோ காரிடார் அகலம், கம்பியிலிருந்து விலகும் தூரம் போன்ற பெயரில் ஒரு செட்டிங் இருக்கும். அது பூஜ்யத்திலோ மிகக் குறைந்த எண்ணிலோ இருந்தால் இயந்திரம் கம்பியின் தலைமேலேயே ஓடுகிறது என்று பொருள். அதைக் கூட்டினால் ஒவ்வொரு முறையும் கம்பியிலிருந்து வெவ்வேறு தூரத்தில் ஓடும். அதே 150 பயணம் ஒரு மீட்டர் அகலத்தில் பரவிவிட்டால் புல் தாங்கிக்கொள்ளும். எவ்வளவு கூட்டலாம் என்பதைப் பாதையின் மிகக் குறுகிய இடம்தான் முடிவு செய்யும். முழு அளவுக்கு ஏற்றிவிட்டு, இயந்திரம் மூன்று முறை வீடு திரும்பும்போது கூடவே நடந்து பாருங்கள். செடியிலோ சுவரிலோ இடித்தால் ஒரு படி குறையுங்கள்.

காரிடாரைக் கூட்டியும் இயந்திரம் விலகவில்லை என்றால், கம்பி பதித்த இடத்தில் கோளாறு. ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் ஆட்டோமோவரில், நிலையத்தைப் பார்த்து நின்றால் கம்பியின் இடப்பக்கமாகவே இயந்திரம் வரும். கம்பியை இடப்பக்க ஓரத்துக்கு நெருக்கிப் பதித்திருந்தால் அதற்கு விலகிப் போக இடமே கிடையாது. கம்பியை வலப்பக்கம் தள்ளி மாற்றிப் பதிப்பதுதான் தீர்வு. புல்தரையைச் சுற்றிப் பதித்த எல்லைக் கம்பிக்கும் வழிகாட்டிக் கம்பிக்கும் இடையே குறைந்தது 30 செ.மீ. இருக்க வேண்டும். மற்ற தயாரிப்புகளில் எந்தப் பக்கம் விலகும் என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டுக் கம்பியில் கை வையுங்கள்.

தொலைப்பகுதிக்குப் போகும் பயணங்களையும் குறைக்கலாம். தொலைப்பகுதி மொத்தப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றால், புறப்பாடுகளில் 20 சதவீதம் அங்கே போனால் போதும். பலர் இதை 50 சதவீதத்தில் வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். வழிகாட்டிக் கம்பி இரண்டு இருந்தால் இரண்டையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்படி செட்டிங்கை வைக்கவும்.

மூன்று நான்கு வருடம் ஓடிய இயந்திரத்தில், எதையும் மாற்றாமலேயே தடம் திடீரென்று ஆழமாகிறதா? பேட்டரியைச் சந்தேகியுங்கள். ஒரு சார்ஜில் 70 நிமிடம் ஓடியது 35 நிமிடமாகச் சுருங்கிவிட்டால், அதே புல்லை வெட்ட இரண்டு மடங்கு முறை வீடு திரும்ப வேண்டும். சார்ஜ் முடிந்து புறப்படும் நேரத்தையும் திரும்பி வரும் நேரத்தையும் மூன்று நாள் குறித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். இது எளிதில் கண்ணுக்குத் தப்பும் காரணம். தடத்தைப் பார்த்தால் மண்ணின் நினைப்புத்தான் வரும், பேட்டரியின் நினைப்பு வராது.

வொர்க்ஸ் நிறுவனத்தின் லேண்ட்ராய்டு கம்பி மாடல்களைப் போன்றவை எல்லைக் கம்பியைப் பிடித்தபடியே வீடு திரும்பும். அப்படிப்பட்டவற்றில் விலகும் செட்டிங் இல்லாவிட்டால், கம்பி மண்ணுக்கு மேலே ஆணியடித்து நிற்கும்வரை அதையே சற்று உள்ளே வெளியே நகர்த்தலாம். சக்கரம் அகலத்துக்கும் சற்று அதிகமாக நகர்த்தினால்தான் பழைய கோடு ஓய்வு பெறும். ஆணிகள் 75 செ.மீ.க்கு மிகாத இடைவெளியில், கம்பி தரையோடு ஒட்டிக் கிடக்கும்படி இருக்க வேண்டும். தளர்ந்து தூக்கிக்கொண்டு நின்றால் கத்தியில் சிக்கி அறுந்துவிடும்.

நிலையத்தின் வாசலில் பள்ளம்

நிலையத்துக்கு முன்னால் எந்த செட்டிங்கை மாற்றினாலும் பயணங்கள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தே ஆக வேண்டும். ஆகவே இங்கே தடத்தைக் குறைக்கலாம், அடியோடு ஒழிக்க முடியாது. எந்த வடிவத்தில் தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்.

அடித்தட்டின் விளிம்பை ஒட்டி இரண்டு குழிகள் இருந்தால்: தட்டு மண்ணைவிட உயரமாக நிற்கிறது. ஒவ்வொரு முறையும் சக்கரம் படியேறுவதுபோல் உந்தி ஏறுகிறது. ஏறும்போது சுழன்று குழி பறிக்கிறது. குழி ஆழமாக ஆழமாகப் படி உயரமாகும், சக்கரம் இன்னும் சுழலும். தட்டைக் கழற்றி, அடியில் மண்ணைச் சமன் செய்து, விளிம்பு தரையோடு தரையாக வரும்படி உட்கார வையுங்கள். தட்டு நடுவில் வளைந்து நிற்கக் கூடாது. வளைந்தால் இயந்திரம் சார்ஜ் முனையில் சரியாகப் பொருந்தாது.

ஒன்றரை, இரண்டு மீட்டர் நீளத்துக்கு விசிறிபோல் கீறல் இருந்தால்: இயந்திரம் முதல் முயற்சியில் நிலையத்துக்குள் நுழைவதில்லை. பின்வாங்கி, திரும்பி, மறுபடியும் வருகிறது. நிலையம் சாய்ந்திருக்கலாம், முன்பக்கம் வழிகாட்டிக் கம்பி வளைந்து வரலாம், சார்ஜ் முனைகளில் பச்சைக்களிம்பு பிடித்திருக்கலாம். நிலையத்திலிருந்து முதல் 2 மீட்டருக்குக் கம்பி அளவுகோல் வைத்ததுபோல் நேராகப் போக வேண்டும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள்.

வாசலுக்கு அரை மீட்டருக்கு அப்பால் வட்டமான வழுக்கை இருந்தால்: வெளியே வரும்போது திரும்பும் இடம் அது. இயந்திரம் குறிப்பிட்ட தூரம் பின்னால் வந்து, நின்ற இடத்திலேயே உடலைத் திருப்பிப் புறப்படுகிறது. ஆட்டோமோவரில் பின்னோக்கி வரும் தூரம் தொழிற்சாலையிலிருந்து 60 செ.மீ. என்று வரும். அதைக் கூட்டினால் திரும்பும் இடம் மாறும், ஆனால் அங்கேயும் ஒரு வழுக்கை உருவாகும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 60, 100, 140 என்று மாற்றிக்கொண்டே வருவது நல்லது. புறப்படும் கோணத்தையும் அகலமாக வைத்தால் ஒரே திசையில் பாய்வது நிற்கும்.

இவையெல்லாம் செய்தும் பள்ளம் விழுந்தால் தயங்காமல் வாசலில் புல்லை விட்டுவிட்டுத் தளம் போடுங்கள். அந்த ஒன்றரை மீட்டரில் புல்லுக்காகப் போராடுவது பயனற்ற வேலை. சக்கரங்கள் ஓடும் அகலத்தோடு இருபுறமும் 10 செ.மீ. சேர்த்து மண்ணை எடுத்து, 3 செ.மீ. மணல் பரப்பி இறுக்கி, 4 செ.மீ. தடிமனுள்ள நடைபாதைக் கற்களைப் பதிக்கவும். கல்லின் மேல்மட்டம் மண்ணோடு சமமாக இருக்கட்டும், துருத்திக்கொண்டிருந்தால் கத்தி படும். ஜல்லி போடவே கூடாது, கத்தி தட்டினால் கல் தெறிக்கும். கல்லுக்கு அடியில் இரும்புக் கம்பி வலையும் வேண்டாம், எல்லைக் கம்பியின் சிக்னலைக் குழப்பிவிடும். பச்சையாகவே இருக்க வேண்டும் என்றால் தேன்கூடு போன்ற பிளாஸ்டிக் கட்டங்களை மண்மட்டத்துக்குப் பதித்து, மண் நிரப்பிப் புல் விதைக்கலாம். சக்கரத்தைக் கட்டத்தின் விளிம்பு தாங்கிக்கொள்ளும், குருத்து அதற்குள்ளே பத்திரமாக இருக்கும்.

ஓரம் முழுக்க ஒரே கோடு

எல்லையை ஒட்டி ஒரு கோடு சுற்றிலும் ஓடினால், இயந்திரம் ஒவ்வொரு நாளும் ஓரச்சுற்று வெட்டுகிறது அல்லது எல்லைக் கம்பியைப் பிடித்து வீடு திரும்புகிறது. ஓரச்சுற்றை வாரத்துக்கு ஒரு முறையாகக் குறையுங்கள். நடுவே வெட்டும் வேகத்துக்கு ஓரத்தையும் வெட்ட வேண்டியதில்லை. வீடு திரும்புவதற்கு வழிகாட்டிக் கம்பி இருந்தால் எல்லைக் கம்பியைப் பிடிக்கும் வழியை அணைத்துவிடலாம், அல்லது அதன் காரிடாரைக் கூட்டலாம்.

கோடு எல்லைக்கு வெளியே, பாத்திக்குள் இறங்கிய மாதிரி இருந்தால் கம்பி ஓரத்துக்கு அதிகம் நெருங்கிவிட்டது. ஒரு சக்கரம் கிளறிய மண்ணில் இறங்கிச் சுழல்கிறது. கம்பியை 5 முதல் 10 செ.மீ. உள்ளே நகர்த்தவும், அல்லது கம்பியைக் கடந்து ஓடும் தூரத்தைக் குறைக்கவும். புல்லும் பாத்தியும் சேரும் இடத்தில் தரைமட்டத்துக்கு ஒரு வரிசைக் கல் பதித்தால் இந்தத் தொல்லை நிரந்தரமாகத் தீரும். வெளிச்சக்கரம் கல்லில் ஓடும், ஓரப்புல்லும் ஒழுங்காக வெட்டுப்படும்.

அரைவட்டக் கீறல், பிறைபோல் பிய்ந்த புல்

நின்ற இடத்தில் திரும்பும்போது ஒரு சக்கரம் முன்னும் மற்றது பின்னும் சுழலும். அந்தத் திருகலில் புல் வேரோடு பிய்ந்து வருகிறது. கம்பி இல்லாத, வரிசை வரிசையாக வெட்டும் மாடல்களில் வரிசை முடியும் ஒவ்வொரு இடத்திலும் இதைப் பார்க்கலாம். சில மாடல்களில் திரும்பும் முறையை மாற்றும் செட்டிங் உண்டு: நின்று சுழல்வதற்குப் பதிலாக முன்னும் பின்னும் சற்றே நகர்ந்து திரும்பும். நேரம் கொஞ்சம் கூடும், புல் பிழைக்கும். மென்மையான மண் உள்ளவர்கள் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான்.

பிறைக் கீறல் ஒரே மரத்தடியிலோ ஒரே மூலையிலோ குவிந்திருந்தால், இயந்திரம் அங்கே மோதி மோதித் திரும்புகிறது. மரவேர் மண்ணுக்கு மேல் தெரியும் இடத்தை இயந்திரம் நுழையாத தீவாக ஒதுக்கிவிடுங்கள். கூர்மையான மூலை என்றால் கம்பியை மழுங்கலாக வளைத்துவிடுங்கள். செயற்கைக்கோள் சிக்னலை நம்பி ஓடும் மாடல் சுவரோரத்தில் மட்டும் தடுமாறி முன்னும் பின்னும் அலைந்தால், அங்கே வானம் மறைகிறது. ஆன்டெனாவைத் திறந்தவெளியில், இன்னும் உயரத்தில் வைப்பது முதல் வேலை. அப்போதும் தடுமாறினால் அந்த ஓரத்தை வரைபடத்திலிருந்து அரை மீட்டர் கழித்துவிடலாம்.

முன்சக்கரத்தையும் மறக்காதீர்கள். அது சுதந்திரமாகத் திரும்பும் சிறு சக்கரம். அச்சில் முடி, காய்ந்த புல் போன்றவை சுற்றிக்கொண்டால் திரும்பாமல் இழுபடும். பின்சக்கரக் கீறல் அகலமாக, சக்கரத்தின் மேல் துருத்தி நிற்கும் பட்டன்கள் பதிந்ததுபோல் இருக்கும். முன்சக்கரம் இழுபட்ட கீறல் மெல்லிய கத்திக்கோடு மாதிரி இருக்கும். சுவிட்சை அணைத்து, விரலால் சுற்றிப் பாருங்கள். ஒரு தட்டுத் தட்டினால் சில சுற்று தானாகச் சுற்ற வேண்டும்.

வரிசை வெட்டும் மாடலில், தரை முழுக்க இணைகோடுகள்

வரிசையாக வெட்டுவது அழகுதான். ஆனால் துல்லியம்தான் இங்கே பகை. சில சென்டிமீட்டர் துல்லியத்தில் ஓடும் இயந்திரம், கோணம் மாற்றாவிட்டால் நேற்று ஓடிய அதே கோட்டில் இன்றும் ஓடும். ஒவ்வொரு வெட்டுக்கும் கோணத்தை மாற்றும் செட்டிங்கைத் தேடுங்கள். 0, 45, 90, 135 டிகிரி என்று சுழற்றினால் ஒரே கோடு நான்கு வெட்டுக்கு ஒரு முறைதான் மிதிபடும். நீண்டு ஒடுங்கிய தரையில் குறுக்குக் கோணம் திரும்பல்களை மிகவும் கூட்டிவிடும், அங்கே 0, 20, 160 என்று நீளவாக்கைச் சுற்றியே மாற்றலாம்.

ஓரச்சுற்று எண்ணிக்கை மூன்றாக இருந்தால் ஒன்றாகக் குறையுங்கள். ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போகும் இணைப்புப் பாதை ஒரே கோடாக வரையப்பட்டிருக்கும். அதை முடிந்தவரை நடைபாதை மேல் வரைந்துவிடுங்கள். புல் மேல்தான் போக வேண்டும் என்றால் மாதம் ஒரு முறை பழையதை அழித்து அரை மீட்டர் தள்ளி வரையவும்.

குறுகிய சந்தில் மட்டும் மண் தெரிகிறது

இரண்டு மீட்டருக்குக் குறைவான சந்தில், மனம்போன போக்கில் ஓடும் மாடல் சுவருக்குச் சுவர் மோதி, உள்ளேயே மாட்டிக்கொண்டு சுற்றும். திறந்தவெளியில் ஒரு மணி நேரம் பரவும் ஓட்டம் சந்தில் சில சதுர மீட்டரில் குவிகிறது. சந்தின் நடுவே வழிகாட்டிக் கம்பி போட்டு, சந்தைப் போய்வரும் வழியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மீட்டருக்கும் குறைவு என்றால் புல்லை எடுத்துவிட்டுக் கல் பதிப்பதே நல்லது.

சரிவில் வழுக்கிய தடம்

சரிவில் தடம் நீளமாக, கீழ்நோக்கி இழுபட்டு, முடிவில் மண் குவிந்திருக்கும். இயந்திரத்தின் வரம்பைப் பாருங்கள். பல மாடல்களுக்கு 35 சதவீதம், அதாவது சுமார் 19 டிகிரி. சிலவற்றுக்கு 45 சதவீதம், சுமார் 24 டிகிரி. இது காய்ந்த புல்லில், எல்லைக்கு உள்ளே இருக்கும் சரிவுக்கான கணக்கு. எல்லைக் கம்பி ஓடும் இடத்தில் ஆட்டோமோவர் போன்றவற்றுக்கு 15 சதவீதத்துக்கு மேல் சரிவு இருக்கக் கூடாது, ஏனென்றால் அங்கேதான் நின்று திரும்ப வேண்டும். சரிவை அளக்க 1 மீட்டர் பலகையை நீர்மட்டத்தோடு கிடையாகப் பிடித்து, சரிவின் கீழ்ப்பக்க முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளக்கவும். 35 செ.மீ. என்றால் 35 சதவீதம்.

எல்லையைச் சரிவின் அடியில் வைக்காமல், சமதரைக்குக் கொண்டுபோங்கள், அல்லது சரிவு தொடங்கும் முன்பே நிறுத்துங்கள். வழிகாட்டிக் கம்பி சரிவில் நேராக மேலேறாமல் சாய்வாக ஏறட்டும். சரிவுப் பகுதியை மழை நாளிலும் அதிகாலையிலும் ஓட்டாதபடி தனி நேரம் வைக்க முடிந்தால் வைக்கவும்.

மழைக்குப் பிறகுதான் தடம் விழுகிறது

மழை சென்சார் இருக்கிறதே என்ற நம்பிக்கைதான் இங்கே ஏமாற்றுகிறது. சென்சார் தன் மேல் விழும் துளியைத்தான் அறியும், மண்ணின் ஈரத்தை அறியாது. மழை நின்று வெயில் அடித்தால் சென்சார் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். களிமண் காய ஒரு நாளாவது ஆகும். இடையில் இயந்திரம் புறப்பட்டால் சொதசொத மண்ணில் உழவு ஓட்டியதுபோல் ஆகிவிடும். மழை தாமத நேரத்தை மணல் கலந்த மண்ணில் 3, 4 மணி நேரமாகவும், களிமண்ணில் கிடைக்கும் உச்ச அளவாகவும் வையுங்கள். கனமழை என்றால் கையாலேயே ஒரு நாள் நிறுத்திவையுங்கள். ஒரு நாள் வெட்டாவிட்டால் புல்லுக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஒரு நாள் ஈரத்தில் ஓட்டியதைச் சரிசெய்ய ஒரு மாதம் ஆகும்.

மண் பதமாக இருக்கிறதா என்று பார்க்க, 5 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அழுத்துங்கள். உருண்டையாகி, விரலால் தேய்த்தால் பளபளவென்று மெழுகுபோல் இழுத்தால் ஓட்டாதீர்கள். உருண்டை பிடித்தாலும் கட்டைவிரலால் தட்டியவுடன் பொலபொலவென்று உதிர்ந்தால் ஓட்டலாம். குதிகாலை அழுத்தினால் சுற்றிலும் தண்ணீர் ஊறுகிறதென்றால் இந்தச் சோதனைக்கே அவசியமில்லை.

மழையே இல்லாமல் இப்படி ஆனால் தண்ணீர் பாய்ச்சும் நேரத்தைப் பாருங்கள். தெளிப்பான் அதிகாலை 5 மணிக்கு ஓடி, புல்வெட்டி 7 மணிக்குக் கிளம்பினால் தினமும் ஈரத்தில்தான் ஓடுகிறது. புல்வெட்டியைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதைவிட, வாரத்தில் இரண்டு நாள் ஆழமாகப் பாய்ச்சி, அந்த இரண்டு நாளும் இயந்திரத்துக்கு ஓய்வு கொடுப்பது வேருக்கும் நல்லது, தடத்துக்கும் நல்லது. உறைபனி விழும் இடங்களில், விறைத்த புல்லின் மேல் சக்கரம் ஏறினால் இலை நொறுங்கிக் கருத்துவிடும். பனி உருகும்வரை காத்திருக்கவும்.

சக்கரத்தையும் ஒரு முறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பட்டன்களுக்கு நடுவே மண்ணும் வெட்டிய புல்லும் அப்பி, பிசைந்த மாவுபோல் இறுகி, சக்கரம் வழுவழுவென்று உருளையாகிவிட்டிருக்கும். பிடிமானம் போய், சக்கரம் நின்ற இடத்தில் சுழலும், சுழன்று குழி பறிக்கும். மரக்குச்சியால் சுரண்டி, கடினமான தூரிகையால் தேய்த்து எடுங்கள். அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம், பேரிங்குக்குள் போய்விடும். ஒவ்வொரு வாரமும் இப்படி அப்பினால் சக்கரத்தைத் துடைக்கும் தூரிகை பொருத்துவது நல்ல செலவு. முள்முள்ளாக இருக்கும் சரிவுச் சக்கரங்களைச் சமதரையில், மென்மையான மண்ணில் மாட்டியிருந்தால் கழற்றிவிட்டுச் சாதாரணச் சக்கரத்தையே போடுங்கள். பிடிமானத்துக்காக வாங்கிய முள் அங்கே புல்லைக் கிழிக்கத்தான் பயன்படும்.

குறிப்பிட்ட கோடு இல்லை, ஆனால் தரை முழுக்கப் புல் மெலிகிறது

இயந்திரம் தேவைக்கு மேல் ஓடுகிறது. பெட்டியில் 24 மணி நேரமும் ஓடினால் 1000 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால், மணிக்குச் சுமார் 42 சதுர மீட்டர். உங்கள் தரை 400 சதுர மீட்டர் என்றால் நாளுக்கு ஒன்பதரை மணி நேரம் போதும். புல் மெதுவாக வளரும் பருவத்தில் அதில் பாதியே அதிகம். ஒவ்வொரு வாரமும் ஒரு மணி நேரம் குறைத்துக்கொண்டே வாருங்கள். புல் சீராக இல்லை என்று முதன்முறையாகக் கண்ணுக்குப் பட்டதும் அரை மணி நேரம் கூட்டி அங்கேயே நிறுத்துங்கள். அதுதான் உங்கள் தரைக்கான நேரம்.

வெட்டும் உயரத்தை 5, 6 செ.மீ.க்கு ஏற்றினால் சக்கரத்துக்கும் குருத்துக்கும் நடுவே இலை மெத்தைபோல் நிற்கும். படர்ந்து வேர்விடும் அருகு வகைகள் இதைவிடத் தாழ்வாக வெட்டினாலும் தாங்கும். நிழலில் நிற்கும் மெல்லிய புல் தாங்காது, அங்கே ஓட்டத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும். புதிதாகப் பதித்த புல்தோலை ஓரத்தில் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். தூக்கிக்கொண்டு வந்தால் வேர் இன்னும் பிடிக்கவில்லை, இயந்திரத்தை விடாதீர்கள். விதை போட்ட தரைக்குக் குறைந்தது 6 முதல் 8 வாரம் வேண்டும்.

விழுந்துவிட்ட தடத்தை மூடுவது

காரணத்தைச் சரிசெய்து ஒரு வாரம் புதுத் தடம் விழாமல் இருப்பதைப் பார்த்த பிறகே இதைத் தொடங்குங்கள். மண் ஈரப்பதத்தோடு, சொதசொதப்பு இல்லாமல் இருக்கும் நாளாகப் பாருங்கள்.

பள்ளத்தைச் சமன் செய்ய உருளையை உருட்ட நினைக்க வேண்டாம். பள்ளம் அப்படியே இருக்கும், சுற்றியுள்ள மண்ணும் சேர்ந்து இறுகும். தோட்ட முள்கரண்டியை 10 செ.மீ. ஆழத்துக்குக் குத்தி, கைப்பிடியைச் சற்றே பின்னால் சாய்த்து மண்ணை நெகிழ்த்துங்கள். தடத்தின் நீளம் முழுக்க ஒரு சாண் இடைவெளியில் இதைச் செய்யவும். ஆழம் 3 செ.மீ.க்குள் என்றால் மணலும் சலித்த மட்கு எருவும் தோட்ட மண்ணும் கலந்து, ஒரு முறைக்கு 1 செ.மீ.க்கு மேல் போகாமல் தூவித் துடைப்பத்தால் பரப்புங்கள். புல்நுனி வெளியே தெரிய வேண்டும். புல் மேலேறி வந்த பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து அடுத்த பூச்சு.

அதைவிட ஆழமான பள்ளத்தில், தடத்தின் இருபுறமும் மண்வெட்டியால் கீறி, புல்லை 4, 5 செ.மீ. தடிமனில் தோலாகப் பெயர்த்துச் சுருட்டி வையுங்கள். அடிமண்ணைக் கிளறி, கலவை நிரப்பி, காலால் இலேசாக மிதித்து, தோலைத் திரும்ப விரித்துவிடுங்கள். மிதித்த மண் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பதால் சுற்றுமட்டத்தைவிட 1 செ.மீ. உயரமாக நிற்கட்டும்.

மண் தெரியும் இடத்தில், பக்கத்தில் இருக்கும் அதே வகைப் புல்லையே போடுங்கள். ரை புல் வகை விதை என்றால் சதுர மீட்டருக்கு 25 முதல் 35 கிராம். படரும் வகை என்றால் வேரோடு சிறு கட்டிகளாக ஒரு கைப்பிடி இடைவெளியில் நடலாம். இரண்டு வாரம் மேல்மண் காயாமல் பூவாளியால் தெளிக்கவும்.

அந்தப் பகுதியைச் செயலியில் தற்காலிகத் தடைப் பகுதியாகக் குறித்துவிடுங்கள். கம்பி மாடலில் எல்லைக் கம்பியை அதைச் சுற்றி வளைத்துப் போடலாம். வீடு திரும்பும் பாதையிலேயே தடம் இருந்தால், பிளாஸ்டிக் புல்வலையை மண்ணோடு ஒட்டி விரித்து, அரை மீட்டருக்கு ஓர் ஆணி அடித்து இறுக்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆனால் புல் வலைக்குள் புகுந்து மேலே வந்து வலையை மறைத்துவிடும். அதுவரை வெட்டும் உயரம் உச்சத்திலேயே இருக்கட்டும். வலையின் முனை ஒரு விரல்கடை தூக்கிக்கொண்டு நின்றாலும் கத்தி பிடித்து இழுத்துவிடும். இயந்திரத்தைத் திரும்ப ஓட்டும் நாளில் முனைகளை ஒவ்வொன்றாகக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, முதல் மூன்று நாள் பாதி நேரத்துக்கு மட்டும் ஓடவிடுங்கள்.